உன் அப்பாவின் வலது கை

மகனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். போன வாரம் அந்தச் சொல்லைச் சொல்லி என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போனாயே, அதிலிருந்து அதை எழுதவே கை கூசுகிறது. அதனால் வெறும் மகனுக்கு. தமிழில்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு நேரமாகும், தெரியும். ஆகட்டும். போனில் படம் பிடித்து யாருக்காவது அனுப்பி வாசித்துச் சொல்லச் சொல்லாதே. தன்னால் முடிந்ததை அவரவரே செய்ய வேண்டும் என்பதுதானே உன் படிப்பின் முதல் பாடம்? நீயே படி, திக்கித் திக்கிப் படி. நான் பக்கத்தில் வந்து எடுத்துக் கொடுக்க மாட்டேன். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் பெயர் போடாமல் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். பெயர் போடாவிட்டால் மட்டும் என்ன, இந்த செகந்திராபாத் லோத்குண்டாவில் நம் கட்டடம் முழுக்க யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரியட்டும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், உன் அப்பா எதிரில் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் உனக்கு ஏதோ விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் வந்து கதவைத் திறந்தாய். உன்னிடம் ஒரு சாவி இருப்பதை மறந்தது என் புத்தி. அப்பா வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ரசம் சாத உருண்டையை அந்த வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தேன். வாதம் அடித்த வலது கை மடியில் கிடந்தது. சாப்பிடும்போது இடது கையில் இதை மாட்டிவிடு, அப்போதுதான் வலது கை வேலை செய்யும் என்று சொல்லி நீ கொடுத்துவிட்டுப் போன தடித்த உறை, ஆணியில் தொங்கியது. நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கைக்கு அம்மா? கைக்கு ஐசா?" என்று இந்த ஊர் இந்தியில் 'ஏன், ஏன் இப்படி' என்று கத்தினாய். "கை ஏன் முன்னேறலைன்னு நான் அங்க மேடத்துகிட்ட மண்டையை உடைச்சுக்கறேன். நீ இங்க உருண்டை உருட்டி ஊட்டறியா? அந்தக் கையை நீதான் கொல்ற!" என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி மேஜைமேல் அடித்தாய். சோறு தெறித்தது. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி குரலைத் தாழ்த்தினாய். "உன் மேல கோபம் இல்லம்மா. உனக்கு அவர் மேல ப்யார் ஜாஸ்தி. டூ மச் லவ். எங்க பேஷன்ட் வீட்ல எல்லாம் இதான் ப்ராப்ளம்." சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாய்.

கொல்கிறாய் என்றாய், பொறுத்துக்கொண்டேன். தட்டைப் பிடுங்கினாய், அதையும் பொறுத்தேன். அன்பு என்றாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அட மக்கு! இத்தனை படித்தும் ஒரு வீட்டுக்குள் ஒருத்தி சோறு ஊட்டினால் அது அன்பு என்றுதான் உனக்குத் தோன்றுகிறதா? இந்த லட்சணத்தில் நீ இன்னும் எத்தனை வீட்டுக்குள் போய் யார் யாருக்கு என்ன புத்தி சொல்லப்போகிறாயோ. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்தால் இங்கேயே மடித்து வைத்துவிடு.

நீ இந்தப் படிப்புக்குப் போனதே இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இன்ஜினீயரிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு வந்து நின்றாய். ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டன்ட் என்றாய். பிசியோ நடக்க வைப்பார், நாங்கள் பட்டன் போட, பல் தேய்க்க, குளிக்க, சாப்பிட மறுபடி பழக்குவோம் என்று விளக்கம் வேறு. உன் அப்பா பாளையங்கோட்டைக்காரர், அவர் வாயில் வேறென்ன வரும்? "ஆம்பளப் பய, கண்டவனுக்கு கால் கழுவி விடுத வேலைக்கா போறான்?" என்றார். நானும் உனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டபோது 'ஓ.டி.யில் இருக்கிறான்' என்றேன். அவர்கள் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. பரீட்சைக்கு முன்னால் என் வலது கையை என் துப்பட்டாவாலேயே கட்டிப்போட்டுவிட்டு, "நீ பேஷன்ட் அம்மா, இப்ப காபி போடு பார்ப்போம்" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. கை ஒன்று போனால் மனுஷன் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதை நான் மறக்கவில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன். ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தபோது சமையலறைச் சுவரில் காலண்டரைத் தரையோடு தரையாக மாட்டியிருப்பேன். "ஏம்மா இவ்ளோ கீழ?" என்று கேட்பாய். "நீ தேதி பார்க்கத்தான்" என்பேன். உனக்குத் தேதி பார்க்கத் தெரியாத வயசு. அந்தக் காலண்டருக்குப் பின்னால் சாம்பார் மஞ்சள் சுவரில் ஊறிக் கிடந்தது. உன் அப்பா தட்டை எறிவார். உப்பு குறைந்தால் எறிவார், சோறு குழைந்தால் எறிவார், ஃபோர்மனிடம் திட்டு வாங்கிய நாளில் ஒரு குறையும் இல்லாத சோற்றையே எறிவார். சத்தம் கேட்டு நீ ஓடி வருவாய். "ஒண்ணுமில்லடா, அப்பாவுக்குக் கை தவறிடுச்சு" என்பேன். நீ துணி எடுத்து வந்து துடைக்க உட்காருவாய், நல்ல பிள்ளை. வளர்ந்த பிறகாவது உனக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். 'அப்பா கொஞ்சம் கோபக்காரர்' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டாய். வசதியாக இருந்தது, இல்லையா?

அவர் என்னை அடித்ததில்லை. அதைச் சொல்லித்தான் எல்லாரும் என் வாயை அடைத்தார்கள். செகந்திராபாத்தில் என் பிறந்த வீடு இரண்டு பஸ் தூரம். ஒரு தடவை உன்னைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றேன். "அடிக்கவா செய்யறார்? கோபம் இருக்கற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று சொல்லி, மறுநாள் காலையில் என் அண்ணனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அந்தக் குணத்தை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். தட்டை எறிவதுகூட எனக்குப் பெரிதில்லை. எறிந்த பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். நான் குனிந்து தரையில் கிடக்கும் சோற்றை வழித்து, தட்டைக் கழுவி, மறுபடி பரிமாறும்வரை கையை அப்படியே காயவிட்டு உட்கார்ந்திருப்பார். எறிந்த தட்டை அவர் ஒரு நாளும் எடுத்ததில்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. ஓய்வு பெற்று இந்த வீட்டுக்கு வந்த பிறகு. காபி டம்ளரைக் கொடுத்தேன், வாங்கினார், டம்ளர் நழுவித் தொடையில் கொட்டியது. வழக்கம்போல நான் ஒதுங்கி நின்றேன். அவர் கோபப்படவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் நிஜமாகவே கை தவறியது. நீ வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் ஓடி, உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தாய். பேச்சு போய்விட்டது, திட்டு மட்டும் திருத்தமாக வந்தது. வாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குப் பல சமயம் அப்படித்தான், வசவு மட்டும் தனியாகப் பிழைத்துக்கொள்ளும் என்று உனக்கு மேலே இருக்கும் தெரபிஸ்ட் மேடம் சொன்னார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

மேடம் முதலில் இடது கையால் சாப்பிடப் பழக்கலாம் என்றார். அப்பா "பீச்சாங்கை" என்று கத்தினார், ஒரு எழுத்து பிசகாமல். அந்த இடத்தில்தான் எனக்கு வழி திறந்தது. "நக்கோ மேடம், வேண்டாம், எங்க வீட்டுல எடது கையால சோத்தைத் தொடமாட்டோம், அவர் மனசு ஒடைஞ்சிடும்" என்றேன். நீ கலாசாரம், சென்டிமென்ட் என்று தலையாட்டினாய். மேடமும் விட்டுவிட்டார். எனக்கு எந்தக் கையாக இருந்தாலும் ஒன்றுதான், மகனே. அவருக்கு ஒரு கைகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் நீ ஸ்பாஞ்ச் சுற்றிய ஸ்பூன் கொண்டுவந்தாய், அவர் தொடவில்லை. உடனே உனக்கு ஒரு யோசனை. "சோறு பிசையறதைவிட விரலுக்கு வேற என்னம்மா எக்சர்சைஸ் வேணும்? வலது கையாலயே பிசைய வைப்போம்" என்றாய். அதற்கு மேடம் உன்னைப் பாராட்டினாராம். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இடது கைக்கு உறை. காலையும் இரவும் நீ எதிரில் உட்கார்ந்தாய். மத்தியானத்தை என்னிடம் கொடுத்தாய். "கைக்கெட்டற தூரத்துல உக்காரு. தொடாதே. விழப்போனா மட்டும் பிடி" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

நீ வேலைக்குப் போனதும் நான் அந்த உறையைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். தட்டை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். சோற்றைப் பிசைந்து, உருட்டி, காத்திருப்பேன். உன் அப்பா இருந்த காலத்தில், ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன், அவர் அவராக இருந்த காலத்தில், காய்கறியை அவர்தான் வாங்குவார். போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய் மூட்டையாகக் கட்டி வருவார். பாகற்காய் மட்டும் வரவே வராது, அவருக்குப் பிடிக்காது. எனக்கு உயிர். கல்யாணமான புதிதில் ஒரு தடவை எதிர் வீட்டில் வாங்கி வறுத்தேன், முதலில் சுவரில் பட்ட தட்டு அதுதான். வாதம் வந்த பிறகு நானே ஆட்டோ பிடித்து போவன்பள்ளிக்குப் போனேன். பை நிறையப் பாகற்காய் வாங்கினேன். முதல் உருண்டையில் வைத்து நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான் அவசரப்படவில்லை. ரேடியோ கேட்டேன், நகம் வெட்டினேன். பசி வந்தது, வாய் திறந்தது. அந்த நிமிஷம் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எதிர் ஃபிளாட் விமலா அப்போது மோர் கேட்டு வந்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் காலத்துல யாரு அக்கா இப்படிப் பாத்துக்கறாங்க? நீங்க பதிவிரதை அக்கா" என்றாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டடம் முழுக்க என் பெருமைதான். அவரை நான் பட்டினி போடவில்லை, அழுக்காக வைக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. புதுச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு ராஜா மாதிரிதான் வைத்திருந்தேன். சோறு வேண்டுமென்றால் ராஜா என் முகத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். நீ ராமச்சந்திராபுரம் பக்கம் ஒரு மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் புது வேலை கிடைத்து, நண்பனோடு அறை எடுத்துப் போனதும் மூன்று வேளையும் என்னுடையதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து கையைப் பிடித்துப் பார்த்து, "ஏன் பின்னால போகுது?" என்று நீ குழம்புவாய். களிமண் கொண்டுவந்தாய், துணி மாட்டும் கிளிப் கொண்டுவந்தாய், ராஜ்மாவையும் கொண்டைக்கடலையையும் கலந்து பிரிக்கச் சொன்னாய். பாவம் போல இருந்தாய். ஆனாலும் நான் சொல்லவில்லை.

இதைப் படித்து 'என் அம்மாவா இப்படி' என்று நீ மூக்கைச் சிந்தினால் எனக்கு ஆகாது. தொழிலுக்கு உதவுமா என்று பார். இனிமேல் ஒரு வீட்டுக்குள் போய், அங்கே மனைவி புருஷனுக்கோ, மருமகள் மாமியாருக்கோ ஊட்டிவிடுவதைப் பார்த்தால் உடனே கண் கலங்காதே. ஊட்டுகிறவள் கையைப் பார்க்காதே, சாப்பிடுகிறவர் கண்ணைப் பார். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றால், சோற்றோடு வேறு ஏதோ உள்ளே போகிறது என்று புரிந்துகொள். நீங்கள் வந்தவுடன் நோயாளியிடம் என்ன கேட்பீர்கள்? எந்த வேலையை மறுபடி நீங்களே செய்ய ஆசை என்று கேட்பீர்கள். உன் அப்பாவிடமும் கேட்டீர்கள், அவர் வாயைக் காட்டினார், தானே சாப்பிட ஆசை என்று எழுதிக்கொண்டீர்கள். அந்தக் கையோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கை திரும்பி வர உங்களுக்குச் சம்மதமா அம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உங்கள் படிப்பில் கிடையாது போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். மஞ்சள் வளையம் ஒன்றை உயரப் பிடித்துக்கொண்டு, "ஷாபாஷ் அப்பா, இன்னும் மேல, இன்னும் கொஞ்சம்" என்றாய். கை நடுங்கிக்கொண்டே தோள் உயரத்துக்கு வந்தது. நான் காபியோடு வந்துகொண்டிருந்தேன். என் கால் தானாகப் பின்னால் போயிற்று, டம்ளர் சாய்ந்து காபி கொட்டியது. நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். "என்னம்மா, கை தவறிடுச்சா?" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த வெறுப்பு, பெற்றவளுக்கு வரக் கூடாதது. வந்தது, என்ன செய்ய? அவருக்காவது வாதம் வந்து கை நின்றது. நீ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குருடனாக இருந்தாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி அடித்தாயே, அப்போது நான் பயந்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. எனக்கு அடையாளம் தெரிந்தது. அதே வேகம், மணிக்கட்டில் அதே திருகல். அப்பாவின் கையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன், அது உன் தோளில் பத்திரமாக இருந்திருக்கிறது. தெறித்த சோற்றை யார் துடைத்தது? நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாய். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவளிடம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு 'அவனுக்குக் கை தவறிடுச்சும்மா' என்று சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. முதல் நாளே இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். ஊரார் கையை எல்லாம் சரிசெய்கிறாய், உன் கையை ஒரு நாள் நீயே பிடித்துப் பார்.

நீ போன பிறகு இரண்டு நாள் யோசித்தேன். கொலைகாரி என்ற பெயர் எனக்கு எதற்கு? சரி, இவன் சொன்ன மாதிரியே செய்வோம் என்று முடிவுகட்டினேன். திங்கட்கிழமை மத்தியானம் ரப்பர் விரிப்பைப் போட்டேன், தட்டை வைத்தேன், இடது கையில் உறையை மாட்டினேன், எதிரில் உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறந்தார். நான் என் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. நான் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டேன். அன்றைக்கு முழுக்க வசவுதான், வாதம் வந்தவர் என்று சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. மறுநாள் பசி அவரைச் சோற்றில் கை வைக்கச் செய்தது. விரல் விரியவில்லை, சோறு சட்டையெல்லாம் கொட்டியது, மூக்கில் அப்பியது. நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தயிர் சாதம் பிசைந்து பாதித் தட்டு தானே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார், முகத்தில் ஒரு பெருமை. உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எனக்கும் கை தட்டத் தோன்றியது. நீ சொன்னது சரிதான், இத்தனை நாள் அந்தக் கையை அமுக்கி வைத்திருந்தது நான்தான். இந்த ஒரு வாரத்தில் அது எழுந்துவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை. பாகற்காய் வறுத்தேன். வேண்டுமென்றே செய்தாய் என்பாய். ஆமாம், வேண்டுமென்றேதான். சாம்பார் சாதம் பிசைந்தார், பாகற்காயில் ஒரு துண்டை இரண்டு விரலால் எடுத்து, ஆமாம், இரண்டே விரலால் எடுத்து வாயில் போட்டார். மென்றார், துப்பினார், என்னைப் பார்த்தார். பழைய பார்வை. அதற்குப் பிறகு நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும், உன் மேடத்தையும் கூட்டி வந்திருக்க வேண்டும். உன் ரப்பர் விரிப்பு வழுக்காதது, அதனால் தட்டைத் தள்ள முடியவில்லை. தூக்கினார். கட்டை விரல் உள்ளே, மற்ற விரல்கள் விளிம்புக்கு அடியில், முழங்கை மேஜையை விட்டு உயர்ந்தது, தோளும் கூடவே வந்தது. வாதம் வந்த கைக்குப் பிடிப்பது சீக்கிரம் வந்துவிடும், விடுவதுதான் வராது, விரலைப் பிரிக்கப் பழக்குவதற்குள் எங்கள் உயிர் போய்விடும் என்று நீ அடிக்கடி சொல்வாய். இன்றைக்கு விட்டார். விட வேண்டிய இடத்தில், விட வேண்டிய நேரத்தில் விட்டார். தட்டு என் தோளை உரசிக்கொண்டு போய் ஃபிரிட்ஜில் மோதி விழுந்தது. சுவரில் சாம்பார் வழிகிறது. இந்த வீட்டில் அந்த உயரத்தில் காலண்டர் கிடையாது, மாட்டவும் போவதில்லை. உன் வைத்தியம் பலித்துவிட்டது, வாழ்த்துகள். நீ வந்து கேட்டால் சொல்வதற்காக எழுதி வைக்கிறேன்: கை தவறவில்லை.

"ஏட்டி, எடு" என்றார். இரண்டு வார்த்தையும் தெளிவு. நான் துடைப்பத்தை எடுக்கவில்லை, அலமாரியிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். முதல் பக்கம் எழுதும்வரை கத்திக்கொண்டே இருந்தார். நடுவில் அழுதார் என்று நினைக்கிறேன், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் சத்தமே இல்லை. இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். இடது கை உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். உன் அப்பா, தட்டு கிடக்கும் இடத்தைப் பார்த்து, அந்த வலது கையை நீட்டிக் குனிகிறார். கால் நடுங்குகிறது. பாதி தூரம் குனிந்துவிட்டு, எட்டவில்லை என்று என் முகத்தைப் பார்க்கிறார்.

தன்னால் முடிந்ததை அவரே செய்யட்டும் என்றாய். விழப்போனால் மட்டும் பிடி என்றாய், இன்னும் விழவில்லை, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தொடவில்லை.

அம்மா